மசி இறங்காத வில்லை

பிள்ளை பிறந்த பிறகு எனக்குப் பகலிலேயே கனவு வர ஆரம்பித்தது. பால் கொடுத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தால் போதும், கண் திறந்திருக்கும்போதே அறை மெல்ல விலகிப் போகும். அடிக்கடி வந்தது ஒரு வெள்ளைச் சுவர். அதற்கு ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் ஹைட்ரஜன். சுவருக்குள்ளே ஆக்ஸிஜன் அயனிகள் மட்டும், தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைகிறவர்களைப்போல, ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

என் ஆராய்ச்சியே அந்தச் சுவர்தான். எரிபொருள் மின்கலத்தின் நடுவில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பீங்கான் வில்லை இருக்கும். அயனிகளை விடவேண்டும், வாயுவை விடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை இருந்தாலும் வாயு கசிந்து, மின்னழுத்தம் படுத்துவிடும். கசியாத வில்லை செய்வது எப்படி என்பதில்தான் என் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வருடங்கள் போயிருந்தன.

பிரசவத்துக்கு விருத்தாசலத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்து உலை பழுதானது. எங்கள் ஊரில்தான் பீங்கான் சூளைகளுக்குக் குறைவில்லையே; அவற்றில் ஒன்றில், சோதனைக்கென்று வைத்திருந்த சிறிய மின் உலை எங்களுக்கு வேண்டிய சூட்டுக்கு ஏறும் என்று தெரிந்தது. திட்டக்குடியிலிருந்து வந்து எங்கள் ஆய்வகத்தில் எனக்குப் பின் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி, என்னைவிட இளையவள், நான் இல்லாத மாதங்களில் தானே அழுத்திச் செய்த வில்லைகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பிரசவத்துக்கு முன் நான் செய்துவைத்திருந்தவற்றையும் அவளே கொண்டுவந்தாள்.

எங்கள் நெறியாளர் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். சென்னையில் மின்கலத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் ஒருவருக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது. போனால் சில வாரங்கள் அங்கேயே தங்கவேண்டும். யாருடைய வில்லை கசியாமல் நிற்கிறதோ அவர் போகலாம்.

போக ஆசைதான். ஆனால் பிள்ளை இன்னும் தவழத் தொடங்கவில்லை. என் வில்லை விரிசல் விட்டுவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்லமுடியாது, நானும் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று ஒரு பக்கம் தோன்றும். அடுத்த நிமிடம், இப்படி நினைப்பவள் எதற்குப் படித்தாள் என்று தோன்றும். முடிவை வில்லையிடம் விட்டுவிட்டேன்.

உலைக்குக் கிளம்பும்போது அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"அந்தப் பொடி நெஞ்சுல போனா ஆகாதுன்னு நீதான சொன்ன. மொகத்த மூடிக்க."

"மாஸ்க் வச்சிருக்கேம்மா."

"வந்து குளிச்சிட்டுதான் புள்ளய தூக்கணும். சொல்லிட்டேன்."

உலைத் தட்டில் அதே பொருளின் தூளை மெத்தைபோலப் பரப்பி, அதன்மேல் வில்லைகளை வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். தூளை விரலால் நிரவும்போது, தூளியில் துணி விரிக்கிற அதே கவனம் கையில் வந்ததைக் கவனித்தேன். இரண்டு பேருடையதும் ஒரே அச்சில் அழுத்தியவை. பார்வைக்கு வித்தியாசமே இல்லை. விளிம்பில் கீறல் போட்டு அடையாளம் வைப்பார்கள். எனக்குப் பயம், கீறிய இடத்திலிருந்தே விரிசல் கிளம்பிவிட்டால்? அதனால் என்னுடையவற்றில் மட்டும், பிள்ளை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல, பென்சிலால் ஒரு கரும்புள்ளி வைத்தேன்.

உலையைப் பார்த்துக்கொள்பவர் எட்டிப் பார்த்தார். "இந்த ஊருல புள்ளையாரு சுட்டிருக்கோம், ஃப்யூஸ் கட்டை சுட்டிருக்கோம். அப்பளம் சுடறது இதாம்மா மொதல் தடவ."

"பொரிஞ்சா உங்களுக்கும் ஒண்ணு தரோம்ண்ணே," என்றாள் இளையவள்.

உலை ஏறி இறங்கி ஆறுவதற்குள் எனக்குப் பல கனவுகள் வந்துபோயின. ஒன்றில் வில்லைகள் வெண்மையாக மிதந்து மணிமுத்தாற்று மணலில் இறங்கின. அந்த மணல் சூடாக இருந்தது, நான் அதில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உலை ஆறிவிட்டது என்று அழைப்பு வந்து நாங்கள் இருவரும் போனபோது, உலைக்காரர் வில்லைகளைத் தூள் தட்டி ஒரே தட்டில் அடுக்கி வைத்திருந்தார். அச்சில் இருந்ததைவிடச் சிறுத்து, தந்தம்போல இறுகியிருந்தன. நான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். இன்னொன்றையும் திருப்பினேன். எதிலும் புள்ளி இல்லை.

"என்னக்கா தேடறீங்க?"

"என் புள்ளி."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "பென்சிலாலயா வச்சீங்க? அக்கா, பென்சிலு கரிதானக்கா. அந்தச் சூட்டுல எரிஞ்சே போயிருக்குமே."

கார்பன் காற்றில் எரியும் என்று இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். எங்கள் இருவர் செய்முறையிலும் இருந்த ஒரே வித்தியாசம் தூளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை. அதுவும் எரிந்துவிட்டது. இனி எந்தக் கருவியாலும் எங்கள் வில்லைகளைப் பிரித்துச் சொல்லமுடியாது.

இருந்தாலும் சோதித்தோம். வெள்ளைத் தாளின்மேல் வில்லையை வைத்து, மேலே ஒரு சொட்டுச் சிவப்பு மசி விடுவோம். துளை இருந்தால் அடித்தாளில் சிவப்பு தெரியும். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம். தாளில் சிறிய சிறிய சிவப்புப் பூக்கள். கடைசியில் ஒன்றின் அடியில் மட்டும் தாள் வெள்ளையாகவே இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஓரத்தில் விரல் நிழல் மங்கலாகத் தெரிந்தது. கனவில் பார்த்த சுவர் இதுதான் என்று தோன்றியது.

"இது உங்களுதுதான்க்கா," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"உங்க கை சுத்தம்."

"உன்னுதா இருக்கும். நீதான் இப்ப தொடர்ந்து செய்யற."

"அய்ய, நான் போன மாசந்தான் ஒழுங்கா அழுத்தவே கத்துக்கிட்டேன்."

இருவரும் அந்த வில்லையைக் கல்யாண வீட்டில் கடைசி லட்டைப்போல ஒருவரை நோக்கி ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தோம். நெறியாளருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"பென்சிலா? நல்லாருக்கு போ. சரி, வில்லை ஒண்ணு நிக்குதுல்ல, அது போதும். யாரு போறீங்க? அதை நீங்களே சொல்லுங்க."

இனி வில்லை எனக்காக எதையும் சொல்லப் போவதில்லை. இளையவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா, பிள்ளை, பால், எல்லாக் காரணமும் தயாராக இருந்தன.

"நான் போறேன் மேடம்," என்றது என் குரல்.

போனை வைத்ததும், சரியா தப்பா என்று கேட்பதற்காக அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குழாயடியில் விரலில் பட்ட மசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுக்கா. போயிட்டு வாங்க," என்றாள். தண்ணீரை நிறுத்தவில்லை. "எனக்கும் ஆசையாதான் இருந்துச்சு."

"அப்ப ஏன் என்னுதுன்னு சொன்ன?"

"நீங்களும்தான் என்னுதுன்னு சொன்னீங்க."

சென்னை இடத்தை உனக்கே விட்டுவிடட்டுமா என்று கேட்கலாமா என நினைத்தேன். கேட்டால் அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள். அது தெரிந்துகொண்டே கேட்பது நியாயமாகப் படவில்லை. கேட்காமல் இருப்பதும் நியாயமாகப் படவில்லை. வில்லையைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்து மூடினேன். மசி இறங்கியவற்றை அவள் ஒரு பையில் கட்டிக்கொண்டாள், எங்கே துளை விழுந்தது என்று உடைத்துப் பார்க்கவேண்டுமாம்.

பஸ் ஸ்டாண்டில் திட்டக்குடி பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையாட்டினாள். பஸ் திரும்பும்வரை நான் நின்றேன்.

வீட்டில் குளித்துவிட்டு வந்து பிள்ளையை வாங்கினேன். அவள் குடித்துக்கொண்டே என் ஈரமுடியைப் பிடித்து இழுத்தாள். அம்மா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு, நின்னுச்சா?"

"ஒண்ணு நின்னுச்சும்மா."

"உன்னுதா?"

"தெரியல," என்றேன். "ஆனா நான்தான் போறேன்."

அம்மாவின் கை நின்றது. பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தது.