அம்புக்குறி போட்ட ஃப்யூஸ்

கண்ணாடிக் கடையில் கண் பார்த்து லென்ஸ் மாட்டிக் கொடுக்கும் அந்த மனிதருக்கு நண்பர்கள் வைத்த பெயர் பாம்புக்காது. அடுத்த அறையில் ஊசி விழுந்தால் எந்த மூலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவாராம். இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது முக்கால்வாசி அவரேதான்.

வீட்டின் நடு அறை முழுக்க அவருடைய பாட்டுச் சாமான்கள். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. துணி மடிக்கக்கூட அவர் மனைவி இடம் தேடி அலைய வேண்டும். அந்த ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் விரல்நுனி அளவில் ஒரு ஃப்யூஸ் உண்டு. மின்சாரம் அளவு மீறினால் தான் எரிந்து பெட்டியைக் காப்பாற்றும். அதற்கு வேறு வேலை கிடையாது. ஆனால் அதையே தங்கமுலாம் பூசி, நீல உடம்பில் அம்புக்குறி போட்டு, வெல்வெட் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். மாட்டினால் பாட்டின் மேல் கிடக்கும் திரை விலகுமாம். நம்மவர் விடுவாரா? வாங்கி மாட்டினார். அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யோசித்தே ஒரு விடுமுறை நாள் போனது.

அடுத்த வாரம் மச்சினனையும், கூடவே பாட்டுப் பைத்தியமான வங்கிக்காரரையும் வரவழைத்தார். இருவரும் பழைய ஃப்யூஸில் பலமுறை கேட்ட பாட்டையே போட்டார்.

"இப்ப கேளுங்க. பாடுறவங்க மூச்சு வாங்குறது தெரியுதா?"

"ஆமா, தெரியுதே" என்றார் வங்கிக்காரர்.

"அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் மச்சினன்.

காப்பி கொண்டு வந்த மனைவியையும் அவர் விடவில்லை. அவள் சற்று நின்று கேட்டாள். "எனக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

"இந்தச் செவிடுகிட்ட போய்க் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் தம்பியும்தான் சிரித்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சில வாரம் கழித்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. அம்பைத் திருப்பி மாட்டிப் பார்த்தால் என்ன? பெட்டியின் பின்பக்க மூடியைத் திருகினார். உள்ளே இருந்தது நீலமும் இல்லை, தங்கமும் இல்லை. தெருமுனை எலக்ட்ரிக் கடையில் கிண்ணத்தில் கொட்டி வைத்திருக்கும் சாதா கண்ணாடி ஃப்யூஸ்.

"இதை யாரு மாத்துனது?"

"நான்தான்" என்றாள் மனைவி. "நீங்க கடைக்குப் போனப்புறம் பாட்டு போட்டேன், பட்டுனு போயிடுச்சு. கடையில காட்டி வேற வாங்கி மாட்டினேன். எரிஞ்சது அந்த வெல்வெட் பெட்டியிலேயே இருக்கு."

"எப்ப?"

"அவங்க ரெண்டு பேரும் வந்தாங்களே, அதுக்கு முந்தின நாள்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? அவங்க முன்னாடி உங்களுக்கு அசிங்கமா இருக்காது?"

கடையில் அவருக்கு ஒரு வேடிக்கை உண்டு. போட்ட லென்ஸை எடுத்துவிட்டு மறுபடி அதையே போட்டு, "இப்ப எப்படி?" என்பார். "இப்பத்தான் தெளிவா இருக்கு" என்று சொல்பவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். அந்த நாற்காலியில் தன்னை உட்கார வைத்து நினைத்துப் பார்த்தபோது காதுமடல் சுட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். கையில் உண்மையை வைத்துக்கொண்டு அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டு நின்றாளே, அதை நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது. அதே இருவர் முன்னால் சொன்னதைத் திரும்பப் பெறாமல் இனி அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று தோன்றியது.

விடுமுறை நாளில் இருவரும் வந்தார்கள். பேச வாயெடுப்பார், விழுங்கிவிடுவார். கடைசியில் அவள் சமையலறைக்குள் போன நேரம் பார்த்துத்தான் விஷயத்தைச் சொன்னார், அவ்வளவு தைரியசாலி.

வங்கிக்காரர் தரையைப் பார்த்தார். "உண்மையைச் சொன்னா எனக்கும் ஒண்ணும் தெரியலைங்க. நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு."

மச்சினனும் தலையைச் சொறிந்தான். "எனக்கும்தான். ஆனா அத்தான், இதை எங்ககிட்ட சொல்லி என்ன பண்றது? அக்கா இருக்கிறப்ப சொல்லுங்க."

தப்பிக்க வழியில்லை. கூப்பிட்டார். ஈரக் கையைத் துடைத்தபடி அவள் வந்து நின்றாள்.

"அன்னிக்கு இவங்க முன்னாடி உன்னைச் செவிடுன்னு சொல்லிட்டேன். தப்பு என் மேலதான். மன்னிச்சிடு."

அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குத்திக் காட்டும் எண்ணம் துளியும் அவளுக்கு இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"அன்னிக்குச் சொன்னதுக்கா? அது நீங்க தினமும் சொல்றதுதானே."

தம்பி நிமிர்ந்து அத்தானின் முகத்தைப் பார்த்தான்.