கடலுக்கு முதுகைக் காட்டி

கடற்பாசி பறிக்க ஒரு ஆள் போதாது. ஒருவர் குனிய வேண்டும், இன்னொருவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாமல்லபுரத்துப் பாறைகளில் கரையை நோக்கிய பக்கம் கீரை மாதிரி பச்சைப் பாசிதான் படர்ந்திருக்கும். சிவப்புப் பாசி வேண்டுமென்றால் பாறையைச் சுற்றிக்கொண்டு போய், அலை அறைகிற பக்கத்தில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியால் சுரண்ட வேண்டும். முதுகில் கண் இல்லை என்பது அங்கே போய்க் குனிந்தால்தான் உறைக்கும்.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கு உறவுக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவற்றில் சில எனக்கே புதிது. அம்மா போனபிறகு, செய்யூர்ப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா என்னோடு வந்துவிட்டார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மதிய நேரத்தில் கடல் நன்றாக உள்வாங்கும். அது விடுமுறை நாளாக அமைந்தால் இருவரும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவோம். என் கையில் வாளி, அவர் கையில் குடை.

அப்பாவுக்குப் பாசி மீது துளி மதிப்பும் கிடையாது. நெல், வேர்க்கடலை, சவுக்கு, இவைதான் அவர் கணக்கில் செடிகள். "வேரு இல்ல, பூ இல்ல, காய் இல்ல. மாடு கூட மோந்து பாக்காது. இதுக்காடி இம்மாந் தூரம் வந்துகினு இருக்கோம்?" என்பார். வேர் இல்லாதது உண்மைதான். பாறையைப் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு சின்னப் பற்று, அவ்வளவுதான். சத்தையெல்லாம் உடம்பு முழுக்கத் தண்ணீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. அலை அறைய அறையப் புதுத் தண்ணீர் வரும், அதனால்தான் அடி விழுகிற இடத்தில் போய்க் குடியிருக்கிறது என்று விளக்கினேன். "நல்ல குடித்தனம்" என்றார். ஒருமுறை கடற்கரையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இது சீக்கிரம் உருகாமல் இருக்கச் சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கிற பசையைச் சேர்ப்பார்கள் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் அதை முறைத்துப் பார்த்தார். "துன்னு முடிச்சப்புறம் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் காவல் என்று உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். கதிர் முற்றிய வயலை மாட்டிடமிருந்து காத்த மனிதர். உயரமான ஒரு பாறையில் குடையை விரித்து உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு கிடையாது, தண்ணீர் கூடக் குடிக்கமாட்டார். சின்ன அலைகளைக் கண்டுகொள்ள மாட்டார். பெரியது ஒன்று எழும்பினால் மட்டும் "ஏந்திரு!" என்று ஒரு சத்தம். நான் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். அலை தலைக்கு மேல் உடைந்து வடியும். மறுபடி குனிவேன். அத்தனை வருஷத்தில் ஒருமுறை கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த நிம்மதி எனக்கு வேறு எங்கும் வாய்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளை நுழைத்து மெதுவாகத் தூக்க வேண்டும். மேலே பழைய துணி ஒன்றைப் போட்டு, செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பாசி தன் பசையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் பறித்த தேதியை எழுதி அடுக்கிவைப்பேன். துணி மட்டும் நைந்ததாக இருக்க வேண்டும்; புதுத்துணியின் கஞ்சியில் பாசி ஒட்டிக்கொண்டு தாளை விட்டு வந்துவிடும். அப்பாவின் கிழிந்த வேட்டிகள் எல்லாம் அதற்குத்தான் போயின.

ஓ.எம்.ஆர். சாலையில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மழைக்காலம், சளி நெஞ்சில் கட்டி, அப்பா போய்விட்டார். தம்பி அப்போது படூரில் வீடு வாங்கி, ஐ.டி. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். "தனியா இங்க இன்னா பண்ணிகினு இருப்ப? எங்களோட வந்துடுக்கா. ஒரு ரூம் சும்மாதான் கீது" என்று பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே கூப்பிட்டான்.

எனக்குப் போக ஆசைதான். வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை நான். சாயங்காலம் பூட்டைத் திறந்தால் வீடு இருட்டாக, சத்தமே இல்லாமல் இருக்கும். அதைத் தாங்க முடியாமல் ரேடியோவை ஓடவிட்டே கல்லூரிக்குப் போக ஆரம்பித்தேன். ஆனாலும் வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு கடலுக்கு வா, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

காரில் வந்தான். அப்பா உட்காருகிற பாறையைக் காட்டி, கடலை மட்டும் பார்த்துக்கொண்டிரு, பெரிய அலை வந்தால் கத்து என்று சொன்னேன். "அவ்ளோதானா?" என்று சிரித்தான்.

நான் குனிந்தேன். நல்ல சிவப்புப் பாசி, கொத்துக் கொத்தாக. பின்னால் தம்பியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. போனில் யாருக்கோ, நாளைக்குள் முடித்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். குரல் கேட்கிறவரை பயமில்லை என்று நினைத்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது வாயெல்லாம் உப்பு, சிப்பி ஒட்டியிருந்த பாறையில் முழங்கால் கிழிந்திருந்தது, வாளியைக் காணவில்லை.

ஷூவோடு தண்ணீரில் குதித்து ஓடிவந்து என்னைத் தூக்கினான். "கொஞ்சம் பாத்து இருக்கக் கூடாதாக்கா?" என்றான்.

அவன் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. மருந்துக்கடை தேடி அலைந்து, தானே என் முழங்காலுக்குக் கட்டுப் போட்டு, செங்கல்பட்டு வரை கொண்டுவந்து விட்டான். "எப்பக்கா வர்ற?" என்று கேட்டான். பார்க்கலாம் என்றேன். அவன் கார் தெருமுனை திரும்பியபிறகு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா இறந்த அன்று கூட அப்படி அழவில்லை.

படூருக்கு நான் போகவில்லை. கடலுக்குப் போவதை மட்டும் விடவில்லை. தனியாகப் போய், பாறைக்குக் கரைப் பக்கமாகவே நின்று, கடலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு கைக்கு எட்டியதைப் பறித்து வருவேன். எல்லாம் பச்சைப் பாசி.

சில வருஷம் கழித்து, ஆராய்ச்சிக்கு வந்த ஒரு மாணவி, பாசி ஒட்டிய என் தாள்களை வருஷவாரியாகப் புரட்டிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"மேடம், இந்த வருஷத்துக்கு அப்புறம் சிவப்புப் பாசியே இல்லையே. இந்தக் கடல்ல அழிஞ்சு போச்சா?"

"இல்லம்மா," என்றேன். "எங்கப்பா செத்துட்டாரு."