சுவரைப் பார்த்த படம்

நான் புலம்பெயர்ந்து வந்த வெரிபீயில் இருக்கும் என் போட்டோ ஸ்டூடியோச் சுவரில் ஓர் ஆணி வெறுமையாக இருக்கிறது. வருகிறவர்கள் ஏதாவது மாட்டச் சொல்வார்கள். நான் மாட்டுவதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யார் தயவும் இல்லாமல் இந்தக் கடையைப் போட்டேன். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி அந்தக் காலத்து முறையில் படம் எடுக்க இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆளில்லை.

அந்த ஆணியில் தொங்கியது கப்பல் தம்பியின் படம். எங்கள் சனம் அவரை அப்படித்தான் கூப்பிடும். தென்துருவத்துக்குப் போகும் கப்பலில் அதிகாரி. முதல் பயணத்துக்கு முன், துருவம் தேடிப் போன பழைய கடற்படை அதிகாரிகளின் படமொன்றைக் காட்டி, அவர்களைப் போலவே தொப்பியும் கக்கத்தில் தொலைநோக்கியுமாகத் தன்னை எடுக்கச் சொன்னார். அசைந்தால் படம் கலங்கிவிடும். தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கியை வைத்தேன். நான் எண்ணி முடிக்கும்வரை சிலையாக நின்றார். தகட்டைக் கழுவக் கழுவ, தண்ணீருக்குள்ளிருந்து அவர் முகம் எழுந்து வந்தது. அப்படியொரு படம் நானே அதற்குமுன் எடுத்ததில்லை.

கூட வந்த அவர் மனைவிக்கு முகம் கறுத்துப்போனது.

“அங்கிள், இவர் காட்டின அந்தப் பழைய படத்தில இருந்த ஆக்கள் ஒருத்தரும் திரும்பி வரேல்லை. எங்கடை வீடுகளில தனி ஆளின்ரை படத்தைச் சுவரில மாட்டுறது மாலை போடத்தானே? இவர் வாற வரைக்கும் இது இஞ்சையே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, ஆணியில் மாட்டிய படத்தைத் தன் கையாலேயே சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார்.

பிறகு கப்பல் பனிக்கட்டிக்குள் சிக்கியது. அவருடைய தொலைபேசி அழைப்பும் நின்றுபோனது. அவர் மனைவி, அந்தப் பிள்ளை, வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் நுழைவார், படம் திரும்பியபடியே இருக்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். என் திறமையை ஊருக்கெல்லாம் காட்டுகிற நான், அந்தப் படத்தை மட்டும் ஒருவருக்கும் திருப்பிக் காட்டவில்லை.

ஒருநாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு கப்பல் தம்பியே வந்தார். தாடியும் மெலிவும். பின்னால் மனைவி. அவர் நேரே போய்ப் படத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“அங்கிள், மாலை எங்கை?”

“வாயை மூடுங்கோ,” என்று மனைவி அவர் தோளில் ஓங்கி அடித்தார். அடித்த கையை எடுக்காமலே அழுதார்.

போன கிழமை பக்கத்து ஊரான டார்னெய்ட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். படம் வரவேற்பு ஹோலில், முகம் தெரியத் தொங்குகிறது. அதற்குக் கீழே கதிரையில் கால் நீட்டி அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். குப்பை வாளியை வெளியே வைக்கச் சொல்லி சமைத்தபடியே மனைவி குசினிக்குள்ளிருந்து ஏசுகிறார். வயிறு குளிர்ந்து கடைக்குத் திரும்பினேன். ஆணி வெறுமையாகவே இருந்தது; ஆள் வீடு வந்து சேர்ந்ததற்கு அதுதான் சாட்சி.