ஃப்ரீ ஜாஸ் பத்திரிகையின் ஏழாம் பக்கம்

அன்றைக்கு இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். காலேஜ் வாத்தியார் ஒருவர், அவரை சார் என்போம். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய். அப்புறம் நான்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. எழுபதுகளின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து சாப்பாடும் ஆகிவிட்டது.

அவர்கள் மூவரும் கையால் மெஷினைச் சுற்றி அச்சடிக்கிற ஒரு சைக்ளோஸ்டைல் பத்திரிகை நடத்தினார்கள். ஃப்ரீ ஜாஸ் பற்றியது, இதழுக்கு எண்பது பிரதி. முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளாமல், அந்த நேரத்தில் தோன்றுவதை ஊதுகிற, தட்டுகிற சங்கீதம். முதலில் எனக்குச் சண்டைச் சத்தம் மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்து உருண்டையாக வரும். அதனால் ஸ்டென்சில் தாளில் ஊசிப் பேனாவால் எழுதுகிற வேலை என்னுடையது.

இசைத்தட்டு வாங்க எங்களுக்கு வழியில்லை. பாயின் மச்சான் கப்பலில் வேலை செய்தார். ஊருக்கு வரும்போது கொண்டு வருவார். ஒரு பகல் தருவார், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே ஒரு தடவைதான் கேட்பார்கள். தட்டு ஓடும்போதே ஆளுக்கொரு தாளில் எழுதுவார்கள். ஓடி முடிந்ததும் பேனாவை மூடிவிட வேண்டும். திருத்தக் கூடாது, சேர்க்கவும் கூடாது. எழுதினது அப்படியே பத்திரிகையில் வரும். ஜாஸ் வாசிக்கிறவன் திருத்திக்கொண்டா வாசிக்கிறான் என்று கேட்டு இந்த விதியைப் போட்டவர் என் வீட்டுக்காரர். பத்திரிகையை ஆரம்பித்தவரும் அவர்தான்.

பாய் தட்டைப் போட்டார். வழக்கமாக என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டு இடையிடையே எழுதுவார். அன்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்து முள் வெறுமனே கரகரத்தது. தட்டைத் திருப்பிப் போடுவது இவர் வேலை. எழவில்லை.

“இன்னாண்ணே, தூங்கிட்டியா?” என்றார் பாய்.

நான் தோளைத் தொட்டேன். எழுந்து போய்த் திருப்பிப் போட்டார்.

இவருக்குக் காது போய்விட்டது. முதலில் இடது, பிறகு வலது. ஷெட்டில் வருஷக்கணக்காகச் சம்மட்டிச் சத்தம். திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மெதுவாக வாயசைத்தால் புரிந்துகொள்வார். மற்ற இருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பத்திரிகையை விட வேண்டியிருக்கும். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அவருக்கு இருந்தது அது ஒன்று.

தட்டு முடிந்தது. தாள்களை வாங்கினார் சார். அவருடையது மூன்று பக்கம். பாய் இரண்டு. இவருடையது வெள்ளையாக இருந்தது. சார் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்னாலும் ஒன்றும் இல்லை.

“இதுதான் விமர்சனம்,” என்றார். “நாம பக்கம் பக்கமா உளறியிருக்கோம். இவர் அந்த சைலன்ஸை அப்படியே வெச்சுட்டார்.”

“நல்லா கீது சார் ஞாயம்,” என்றார் பாய். “நான் கை நோவ எழுதினுகீறேன். அண்ணன் சும்மா குந்திகினு பேரு வாங்கிகினாரு.”

“உங்களுக்குப் புரியாது பாய்.”

“எனக்கு எது புரிஞ்சுது, இது புரிய.”

இவர் என்னைப் பார்த்தார். வெள்ளைத்தாள் ரொம்ப நல்லாருக்காம் என்று வாயசைத்தேன்.

“எனக்குக் காது கேக்கல,” என்றார். “அதான் எழுதல.”

சார் தொடையைத் தட்டினார். “பாத்தீங்களா? இதையே தலைப்பா போட்டுடலாம்.” பேனாவைத் திறந்து வெள்ளைத்தாளின் மேலே எழுதினார்.

“சார், நெஜமாவே கேக்கல,” என்றேன். “ரெண்டு மாசமா.”

சார் சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

பாய் எழுந்து பிளேயரிடம் போனார். முள்ளை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்து, சத்தத்தை முழுக்கத் திருகினார். பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது. இவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேனா மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாய் நிறுத்தினார்.

“ஏன் அண்ணி சொல்லல?”

“சொல்ல வேணாம்னாரு.”

சார் தான் எழுதியதை அடித்தார். “இந்தப் பக்கத்தை எடுத்துடலாம்மா. படிக்கிறவங்க தப்பா எடுத்துப்பாங்க. நானே எடுத்துக்கிட்டேன்.”

அதை இவருக்குச் சொன்னேன்.

“எடுக்கக் கூடாது,” என்றார் இவர். “எழுதினது எழுதினபடி. அதான் பேச்சு.”

“நீதான் எழுதவே இல்லையேண்ணே,” என்றார் பாய்.

பாயின் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“இருந்தேன்ல?”

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். சரி, தலைப்பு இல்லாமல் போகட்டும் என்றார். அடுத்த இதழ் எப்படி என்று என்னிடம் கேட்டார். இவரிடம் சொன்னேன்.

“நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க. எனக்கு இதோட சரி.”

பாய் தட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். சார் டீ குடிக்காமல் கிளம்பினார்.

நான் ஸ்டென்சில் எழுதினேன். ஏழாம் பக்கத்துக்கு மேலே எண், கீழே இவர் பெயர். நடுவில் ஒன்றும் இல்லை. கை சும்மா இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சைக்ளோஸ்டைல் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். மற்ற பக்கங்களை பாய் சுற்றினார். ஏழு வந்ததும் இவர் கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.

“வெறுந்தாளுக்குப் போய் இங்க்கா, அண்ணி?” என்று பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பிறகு அவரே தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காயப் போட்டார்.

இவர் வேகமாகவும் சுற்றவில்லை, நிறுத்தவும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்த தாள்களை எண்ணி அடுக்கினேன்.

எண்பது.