டைரக்டர் கேமராவைத் திறந்த நாள்

ஒன்பது வயதில் நான் ஒரு சினிமாவில் நடித்திருக்கிறேன். மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும். கூடவே அம்மாவும் நடித்தாள். படம் எடுத்தவர் ருஷ்யாவிலிருந்து வந்த ஒரு டைரக்டர். இதைச் சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. நம்பவைக்க என்னிடம் ஆதாரமும் கிடையாது.

அறுபதுகளின் கடைசி. அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ மேட்டில் பலகைச் சுவர் வைத்த ஓர் அரசுக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. மேலதிகாரி இருமினால்கூட எழுந்து நிற்கிற சுபாவம். அந்த வருடம் மழை விட்ட சமயத்தில், மெட்ராஸ் போய்க்கொண்டிருந்த ஒரு ருஷ்ய ஆராய்ச்சிக் கப்பல் இயந்திரக் கோளாறோடு எங்கள் துறைமுகத்தில் வந்து நின்றது. பழுது பார்க்க ஐந்து நாளாகும் என்றார்கள். வெளிநாட்டார் தீவில் இஷ்டத்துக்கு நடமாட முடியாத காலம் அது. இரண்டு பேருக்கு மட்டும் ஊருக்குள் வர அனுமதி கிடைத்தது. அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்தது. துறைமுகத்தைப் படம் எடுக்க விடக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் அபர்டீன் பஜாரைக் காட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் காட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார்.

"சொல்லாம கொள்ளாம கூட்டிட்டு வந்துட்டீங்களே! சப்ஜி ஒண்ணும் கிடையாது, வெறும் மீன் குழம்புதான்" என்று அம்மா அடுப்படியிலிருந்து பல்லைக் கடித்தாள்.

வந்தவர்களில் ஒருவர் டைரக்டர். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியாக, நிலைப்படிக்குக் குனிய வேண்டிய உயரம். கழுத்தில் சாவி கொடுத்து ஓட்டுகிற கேமரா. இன்னொருவர் மொழிபெயர்க்கிற அக்கா. மாஸ்கோவில் புத்தகத்தை வைத்தே தமிழ் படித்தவராம். கைகூப்பி, "வணக்கம் அம்மையீர். தங்கள் இல்லத்திற்கு வருகை தந்தமைக்கு மிகவும் மகிழ்கிறோம்" என்றார்.

அம்மா என் காதில், "என்னடி இவ, ரேடியோ நியூஸ் மாதிரி பேசுறா" என்றாள். பக்கத்து வீட்டுப் பெங்காலிப் பிள்ளைகளோடு ஹிந்தியிலேயே விளையாடி வளர்ந்த எனக்கு அந்தத் தமிழில் பாதி புரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே இப்படி ஒரு தமிழ் உண்டு என்பதே எனக்குப் புதிது.

சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா மரியாதைக்காக, "சார் என்னென்ன படம் எடுத்திருக்கார்?" என்று கேட்டார். டைரக்டர் சொல்லச் சொல்ல அக்கா தமிழாக்கினார். இவர் தையற்காரர் மகன். போரின்போது ராணுவத்துக்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். போர் முடிந்தபின் சினிமாப் பள்ளியில் படித்தார். ரயில்பாதை போடுகிறவர்களைப் பற்றிய முதல் படத்துக்குப் பதக்கம் கிடைத்தது. இரண்டாவது படத்தை ஊரூராகக் காட்டினார்கள். மூன்றாவது, போருக்குப் போன கணவன் திரும்பி வராத ஒரு பெண்ணின் கதை. கடைசிக் காட்சியில் அவள் சிரிக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். இவர் மாற்றவில்லை.

"ஆகவே அப்படம் அலமாரியில் வைக்கப்பட்டது" என்றார் அக்கா.

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்லயும் நல்லதெல்லாம் அலமாரியிலதான் இருக்கும். அம்மாவோட பட்டுச்சேலை, வெள்ளி டம்ளர் எல்லாம்" என்றேன்.

"சும்மா இருடி" என்றாள் அம்மா. அக்கா கொஞ்சம் தயங்கி, பிறகு அதையும் மொழிபெயர்த்தார். டைரக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அப்படத்தைப் பற்றி இதுவரை எவரும் இவ்வளவு நன்றாகக் கூறியதில்லை என்கிறார்."

அதன் பிறகு அவருக்குப் படம் கொடுக்கவில்லையாம். ஏழு வருடமாக இப்படிக் கப்பல்களில் அனுப்புகிறார்கள். மீன்களையும் அலைகளையும், துறைமுகங்களில் சிரித்துக் கையசைக்கும் மக்களையும் எடுத்துவர வேண்டும். உலகத்தையே சுற்றிப் பார்க்க அனுப்புகிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய மனிதர் என்று நான் வியந்தேன். அப்பா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

சாப்பிட்ட பின் வீட்டின் பின்பக்கம் அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். டைரக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். படம் எடுக்கலாமா என்று அக்கா மூலம் கேட்டார். அம்மா அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"சிரிக்க வேண்டியதில்லை என்கிறார்."

"சிரிக்காம எப்படிங்க? மூஞ்சிய தூக்கி வச்ச மாதிரி இருக்குமே."

"தங்கள் ஊர் எத்திசையில் உள்ளது என்று கேட்கிறார்."

அம்மா கையிலிருந்த சீப்பாலேயே மேற்கைக் காட்டினாள். அப்புறம் சீப்பை இறக்க மறந்துவிட்டாள். ஆறு வருடமாக அவள் மெயின்லேண்டுக்குப் போகவில்லை. அவளுடைய அப்பா இறந்தபோது தந்தி வந்தது. ஏறிப் போகத்தான் கப்பல் இல்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியாது. கேமரா தேனீ மாதிரி ரீங்கரித்தது. பின்னலை அம்மா பாதியில் விட்டதால் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் நின்றதும் அவர் ஏதோ சொன்னார். அக்கா மெதுவாக, "ஏழு ஆண்டுகளில் இவர் தமக்கென எடுத்த காட்சி இது ஒன்றே" என்றார்.

கால்மணி நேரம் கழிந்திருக்காது, ஒரு ஜீப் மேடேறி வந்தது. கேமராவைப் பார்த்த யாரோ கீழே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கிய அதிகாரி எங்கள் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு அப்பால் சரிவும், சரிவுக்குக் கீழே துறைமுகம் முழுவதும் தெரிந்தன. அதுவரை அது அப்பாவுக்கே உறைக்கவில்லை.

"கேமரே மே க்யா ஹை?" கேமராவில் என்ன இருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டார் அதிகாரி. பிறகு அப்பாவிடம், படச்சுருளுக்கு சீல் வைத்து மெயின்லேண்டுக்கு அனுப்பவேண்டி வரும், கூட்டிவந்தவர் பெயரையும் ரிப்போர்ட்டில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்த இடம் வலித்தது.

என்ன நடக்கிறது என்று டைரக்டர் அக்காவிடம் கேட்டார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த உச்சி வெயிலில், கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்த சுருளை விரலால் பிடித்து, ரிப்பனை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே இருந்தார். அது சுருள்சுருளாக அவர் காலடியில் விழுந்து பளபளத்தது. வெயில் பட்டால் படம் போய்விடும் என்பது எனக்கே தெரியும். எங்கள் தெரு போட்டோக்காரர் அதற்குப் பயந்தே தன் கேமராப் பெட்டியை யாரையும் தொட விடமாட்டார்.

"பாகல் ஹை க்யா?" என்றார் அதிகாரி. பைத்தியமா என்று கேட்டாலும் அவர் குரலில் கோபம் இறங்கியிருந்தது. சுருளைக் காலால் புரட்டிப் பார்த்தார். சீல் வைக்கவோ எழுதவோ இப்போது ஒன்றுமில்லை. ஜீப் இறங்கிப் போயிற்று.

அப்பா டைரக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன். என் படம் போச்சே என்று மண்ணில் உதைத்துக்கொண்டு அழுதேன். அவர் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கப்பல் புறப்பட்டது. அம்மா ஒரு பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு அப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். என்னையும் கப்பல் ஜெட்டிக்குக் கூப்பிட்டார் அப்பா. என் படத்தைக் கெடுத்தவருக்கு டாட்டா காட்ட மாட்டேன் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

பின்பக்கம் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள், "அது உன் படம் இல்லடி."

அம்மா தன்னுடைய படம் என்று சொல்கிறாள் என்றே நான் நினைத்துக்கொண்டேன். அவள்மேலும் ஒரு வாரம் கோபமாக இருந்தேன்.