அத்தை வீடு கடலில் இருந்தபோது

மலேசியாவில் ஒரு கிள்ளான் குடும்பத்துக்கு மருமகளான புதிதில், என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கும் பொறுப்பை என் கணவர் ஏற்றுக்கொண்டார். "யூனிவர்சிட்டியில மழை பாக்குற வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதன்பிறகு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எது வந்தாலும் எல்லாரும் என்னிடம்தான் மழை கேட்டார்கள். "சனிக்கிழமை சாயங்காலம் டெண்ட் போடலாமா? மழை வருமாம்மா?"

நான் பார்ப்பது ஒரு சனிக்கிழமையின் மழையை இல்லை, இருபது முப்பது வருடத்து மழையை மொத்தமாக என்று சொல்லிப் பார்த்தேன்.

"அந்த முப்பது வருஷத்துல சனிக்கிழமையே இல்லையா?" என்று கேட்டார் என் மாமியார்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டிலேயே மசாலாத்தூள் வியாபாரம் செய்பவர். மிளகாய், மல்லி, சோம்பு, மஞ்சள் எல்லாம் மூட்டையாக வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்து, பாக்கெட் போட்டு கடைகளுக்குக் கொடுப்பார். அவர் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. அங்கே தார்ப்பாய் விரித்து மிளகாய் காயும். நாங்கள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் கிள்ளானுக்குப் போய், காரை ரோட்டோரமாக விட்டுவிட்டு, தும்மிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவோம்.

அந்த வருடம் எங்கள் குழு வட்டாரக் காலநிலை மாதிரி (மாடல்) ஒன்றைக் கணினியில் ஓட்டத் தொடங்கியிருந்தது. உலகம் முழுவதற்குமான மாதிரிகள் பூமியைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடும். அதில் ஒரே கட்டத்துக்குள் கிள்ளான் துறைமுகமும் கோலாலம்பூரும் அதற்குப் பின்னால் இருக்கும் மலையும் அடங்கிவிடும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வெப்பம், ஒரே மழை. வட்டார மாதிரியில் நம் பகுதியை மட்டும் எடுத்துச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டிக்கொள்வோம். எல்லையைத் தாண்டி உள்ளே வரும் காற்றும் ஈரமும் எவ்வளவு என்பதை உலக மாதிரியிடமிருந்து வாங்கிக்கொள்வோம். அதற்குப் பிறகு நடப்பதை நம் மலையும் நம் கடற்கரையும் தீர்மானிக்கும்.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்கு முன்பு கொஞ்ச நேரம் கிடைத்ததென்று லேப்டாப்பைத் திறந்து முதல் ஓட்டத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"இதுல அம்மா வீடு எங்க இருக்கு?"

தேடிக் கண்டுபிடித்தேன். அந்தக் கட்டம் நீலமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தை வீடு கடல்ல இருக்கு" என்றேன்.

சமையலறையிலிருந்து அத்தை கரண்டியோடு வந்தார். "யாரு வீடு?"

"உங்க வீடுதான் அத்தை. கட்டம் இன்னும் பெருசா இருக்கு. ஒரு கட்டத்துல பாதிக்கு மேல கடல் இருந்தா, முழுசையும் கடல்னு எடுத்துக்கும்."

"பாதிக்கு மேல கடல்னா, மீதியில நாங்க இருக்கோம்ல? எங்கள ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கட்டத்த சின்னதாக்கினா சரியாயிடும்."

"ஆக்கு. அதுவரைக்கும் நான் மீன் குழம்பு வைக்க மாட்டேன். சொந்தக்காரங்களயே சாப்புட்ட மாதிரி இருக்கும்."

பக்கத்து வீட்டு ஆன்டிக்கு வேலிக்கு மேலேயே செய்தி போய்விட்டது. சாயங்காலத்துக்குள் தெருவே கேட்டது, கடல் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று.

அத்தையின் வியாபாரம் வாசலுக்குள் அடங்காமல் போனதும் அதே சமயத்தில்தான். கொஞ்சம் பெரிய இடமாகப் பார்த்துக் காயவைக்கக் கொட்டகை போட வேண்டும் என்றார். இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, பத்துமலையைத் தாண்டி மலையடிவாரத்தில், என் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்து மனை. இன்னொன்று, என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு அருகே, கரையோரத்துத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கடை வீடு, பின்னால் நல்ல திறந்தவெளியோடு. அம்மா தன் பக்கம் வர வேண்டும் என்று மகள் பிடித்த பிடியில் நின்றார். மகனும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசை பஞ்சாயத்தாக மாறியது.

ஒரு நாள் அத்தை இருவரையும் கையமர்த்தி, என்னைப் பார்த்தார். "வெயில்தான் நமக்கு முக்கியம். எங்க வெயில் நல்லா அடிக்குதுன்னு உன் கம்ப்யூட்டரக் கேட்டுச் சொல்லு. அது எங்க சொல்லுதோ, அங்க போறேன்."

வட்டார மாதிரிகளால் என்ன பயன் என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அவை எதிலும் நாத்தனார் உட்கார்ந்திருக்கவில்லை.

தப்பித்துக்கொள்ள முதலில் உலக மாதிரியைத்தான் காட்டினேன். இரண்டு இடமும் ஒரே கட்டத்தில், ஒரே நிறத்தில் இருந்தன. "ரெண்டும் ஒண்ணுதான் அத்தை."

"பாத்தீங்களாம்மா, ஒண்ணுதான்!" என்றார் நாத்தனார். "அப்ப எங்க பக்கமே வந்துருங்க லா."

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "பத்துமலை பக்கம் இருட்டிக்கிட்டு வரும், இங்க துணி மொடமொடன்னு காயும். ரெண்டும் ஒண்ணுன்னா இது என்ன கம்ப்யூட்டரு?"

அடுத்து எங்கள் சொந்த மாதிரியின் வரைபடம். இடங்கள் பிரிந்து தெரிந்தன. ஆனால் மழை தினமும் நடு மத்தியானத்திலேயே கொட்டித் தீர்த்தது. கட்டம் பெரிதாக இருந்தால் இடிமேகம் எழும்புவதைக் கணினியால் நேரடியாகக் கணக்குப் போட முடியாது, உத்தேசமாகத்தான் போடும். அதனால் மழை அவசரப்பட்டுவிடும். இது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. அத்தை அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க மழை ஆபீஸ் மழைம்மா. லஞ்ச் டைமுக்குக் கரெக்டா இறங்கிடுது."

கட்டத்தை ஐந்து கிலோமீட்டருக்குக் குறைத்து மறுபடி ஓட்டினோம். அது அத்தைக்காக இல்லை, ஏற்கெனவே திட்டத்தில் இருந்ததுதான். ஆனாலும் முடிவு வந்த அன்று நான் முதலில் பார்த்தது அத்தை வீட்டைத்தான். கட்டம் பச்சையாக இருந்தது. உடனே போன் போட்டேன். "அத்தை, கரையேறிட்டீங்க!" அன்றைக்கு ராத்திரி எங்களுக்கு மீன் குழம்பு வந்தது.

அந்த வரைபடங்களை வரிசையாக ஓடவிட்டால் ஒரு சராசரி நாள் கண்முன்னால் விரிந்தது. காலை ஏற ஏறக் கடல் காற்று கரைக்குள் நுழைகிறது. கிள்ளானையும் தெலுக்கையும் மெதுவாகக் கடந்து, நகரத்தைத் தாண்டி, மதியத்துக்கு மேல் மலையில் போய் முட்டி மேலே எழும்புகிறது. பத்துமலைப் பக்கம் சாயங்கால இடிமழை. கரையோரத்தில் அந்த நேரம் பெரும்பாலும் வெயில். வருட நடுவில் சில மாதங்கள் மட்டும் கதை வேறு. அப்போது விடிகாலையில் கடலிலிருந்து மழை ஏறி வந்து கரையோரத்தை நனைத்துவிட்டுப் போகிறது. நிறைய நாள் அது மலைவரைக்கும் போவதில்லை.

என்ன அழகு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை அப்படியே கொண்டுபோய் வீட்டில் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. படம் தெளிவாக இருந்தால் அது உண்மை என்று ஆகிவிடாது. உலக மாதிரி தப்பான காற்றை அனுப்பியிருந்தால், எங்கள் தப்பான படமும் இதே தெளிவோடுதான் வரும். அளந்து பார்க்க வேண்டும். ஆளுக்கொரு மழைமானி வாங்கிக் கொடுத்தேன். தொழிற்சாலைக் காவலாளியின் அறைக்குப் பக்கத்தில் என் கணவர் ஒன்றை நட்டார். நாத்தனார் தன் வீட்டுப் பக்கத்து மனையில் ஒன்றை வைத்தார். தினமும் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட வேண்டும் என்று ஏற்பாடு.

யார் இடத்தில் மழை குறைவு என்று அக்காவுக்கும் தம்பிக்கும் போட்டி தொடங்கியது. சின்ன வயதில் இவர்கள் கோழிக்காலுக்கு எப்படிச் சண்டை போட்டிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் இரண்டு வாரம் பத்துமலைப் பக்கம் மழையே இல்லாதது போல் படம் வந்துகொண்டிருந்தது. என் கணவர் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் குரல் பதிவு அனுப்பினார்.

"அக்கா, மானிக்குள்ள ரம்புத்தான் இலை கிடக்கு. மரத்துக்குக் கீழ வச்சிருக்கீங்களா?"

"மரம் முன்னாடியே அங்கதான் இருக்கு. நான் என்ன பண்றது?"

"மானியத் தள்ளி வைக்கணும் லா!"

தீர்ப்பு அத்தையிடமிருந்து வந்தது. "நடு மனையில வை. அப்புறம் ரெண்டு பேரும் வாயத் திறக்காம படத்த மட்டும் போடுங்க."

சில மாதங்களில் படங்கள் சேர்ந்தன. சில நாட்களில் மாதிரி சொன்ன போக்கு அப்படியே இருந்தது, சில நாட்களில் தெலுக்கில் சாயங்காலம் வெளுத்து வாங்கி எங்கள் முகத்தில் கரி பூசியது. மொத்தத்தில் மலைக்கும் கரைக்கும் உள்ள வித்தியாசம் மாறவில்லை.

ஒரு நாள் மதியம் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். பசியாறிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோதே மலைப் பக்கம் கறுத்தது. அடுத்து வந்த மழையில் எதிர்வீடு தெரியவில்லை. வாசலில் நின்று பார்த்தோம். மழைமானி நிரம்பி வழிந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவரிடமிருந்து ஒரு வீடியோ. தெலுக்கில் வெயில் கண்ணைக் கூச, கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றார்.

நாத்தனார் அதைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும்மா. அம்மா அங்கயே போகட்டும். மிளகாய இங்க கொண்டாந்து ஊறப்போடவா?"

"அண்ணி, கோவமா?"

"கோவம் என்ன. எனக்கு மழையும் வேணாம், வெயிலும் வேணாம். பிள்ளைங்க ஸ்கூல் போயிட்டா வீட்டுல பேச ஆள் இல்ல. அம்மா பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு பாத்தேன். அவ்வளவுதான்."

இத்தனை மாதம் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவரிடம் இதை யாரும் கேட்கவே இல்லை. அன்றைக்கு மழை விட்டதும் நான் நேராகக் கிள்ளானுக்குப் போனேன். நாத்தனாரின் சம்மதத்தோடு அவர் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். வரைபடங்களையும் காட்டினேன்.

அத்தை படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு, "இது இப்ப. இன்னும் பத்து இருபது வருஷம் கழிச்சு?" என்று கேட்டார்.

"கரையோரம் மொத்த மழை கூடுமா குறையுமான்னு மாதிரிக்கு மாதிரி வேற சொல்லுது அத்தை. அடிச்சா பலமா அடிக்கும்கிறதுல பெரும்பாலும் ஒத்துப்போகுது."

"அப்ப தெலுக்குல தளத்த உயர்த்திப் போடணும். அங்க ஏற்கெனவே பள்ளம். கூரையில தண்ணி போற வழியையும் அகலமா வைக்கச் சொல்லு." பிறகு அவரே தொடர்ந்தார். "காயவைக்கிறதும் அரைக்கிறதும் அங்க. பாக்கெட் போடுறதுக்கு வெயில் எதுக்கு? அத அவ வீட்டுல வச்சுக்கலாம். வாரத்துல பாதி நாள் நான் அங்க இருப்பேன். பத்துமலை சுத்துவட்டாரக் கடையெல்லாம் அவளே பாத்துக்கட்டும்."

மகனும் மகளும் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டதை அவர் மாலைத் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

கொட்டகை கட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவருட மாதங்களில் காலை மழை ஓய்ந்து தரை உலர்ந்த பிறகுதான் தார்ப்பாயை விரிக்கிறார்கள். ஒரு தடவை எதிர்பாராத சாயங்கால மழையில் ஒரு பாய் மல்லி நனைந்து போனது. அன்றைக்கு அத்தை போனில் என்னைத் திட்டினார், அடுத்த நாள் மறந்துவிட்டார். தொழிற்சாலைப் பெண்கள் வேலை முடிந்து போகும்போது கறித்தூள் வாங்கிப் போகிறார்கள். நாத்தனார் ஒரு பழைய வேன் வாங்கி, கடை கடையாகப் போய்ப் போட்டுவிட்டு வருகிறார். பத்துமலை முருகன் கோயிலின் போன தைப்பூசத்துக்கு முன்னால் அவருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை.

மழைமானிப் படம் போடுவதை என் கணவர் எப்போதோ நிறுத்திவிட்டார். நாத்தனார் நிறுத்தவில்லை. இப்போது அவர் அளவுகளையும் சேர்த்துத்தான் எங்கள் குழு மாதிரியைச் சரிபார்க்கிறது. மழை இல்லாத நாளிலும் படம் வரும். காலி மழைமானி, அதற்குப் பின்னால் வாசலில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கொண்டிருக்கும் அத்தை, வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டே.