டோரீன் வாங்கிய இரண்டு சைக்கிள்கள்

டோரீன் விட்லாக் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பதடி நீள மஞ்சள் பஸ்ஸைப் பனி உறைந்த முட்டுச்சந்துக்குள் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய், ஒரு குப்பைத்தொட்டியையும் உரசாமல் திருப்பிவிடுவாள். எங்கள் லைமா ஊரில் அப்படி ஓட்ட வேறு ஆள் கிடையாது. ஆனால் ஐம்பத்தாறு வயதுவரை அவளுக்கு சைக்கிள் விடத் தெரியாது.

எனக்கு இது தெரியும், ஏனென்றால் நான் அவளுக்கு எதிர்வீடு. அவள் வேலைபார்க்கும் பஸ் டிப்போவில்தான் நானும் ஓட்டினேன். அவள் வீட்டில் நான்கு அண்ணன்மார், ஒரே ஒரு சைக்கிள். இவள் முறை வருவதற்குள் அது உடைந்துபோயிற்று. பிறகு கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், விஷயம் மறந்துபோனது. யாராவது சைக்கிளில் போகலாம் என்று கூப்பிட்டால் முழங்காலைத் தடவிக்கொண்டு வேறு பேச்சுக்கு மாறிவிடுவாள்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, புருஷன் ரஸ்ஸோடு நெடுஞ்சாலையோரப் பெரிய கடைக்குப் போயிருந்தாள். தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கப் போனவள், சைக்கிள் வரிசைக்கு முன்னால் நின்றுவிட்டாள். மயில்கழுத்து நிறத்தில் ஒன்று, முன்னால் கூடை வைத்தது. மணியை ஒரு தட்டுத் தட்டினாள். இன்னொரு தட்டு.

"யாருக்குப் பார்க்குற?" என்றான் ரஸ்.

"எனக்குத்தான்."

"ஒனக்கு ஓட்டத் தெரியாதே!"

"தெரியாதுன்னுதான் வாங்குறேன். தெரிஞ்சிருந்தா எப்பவோ வாங்கியிருப்பேன்ல? நீயும் ஒண்ணு எடுத்துக்க. நான் மட்டும் விழுந்தா ஊரே சிரிக்கும். ரெண்டு பேரும் விழுந்தா ஏதோ விளையாடுறாங்கன்னு போயிடுவாங்க."

கடைக்காரர்கள் முழுசாக மாட்டி வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான், அதிலும் சீட் கிழிந்திருந்தது. மற்றதெல்லாம் அட்டைப்பெட்டியில். இருப்பதிலேயே மலிவான ரகம். வீட்டுக்குக் கொண்டுபோய் நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பெட்டியையும் காருக்குள் திணித்தார்கள். அவர்கள் வந்து இறங்கியதை நான் ஜன்னலில் பார்த்தேன். பின்சீட்டில் பெட்டிக்கு அடியிலிருந்து டோரீனின் ஒரு கை மட்டும் வெளியே வந்து எனக்கு டாட்டா காட்டியது.

ரஸ் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையில் குழாய் பொருத்துகிறவன். பெட்டியைக் கிழித்ததும் உள்ளே இருந்த செய்முறைத் தாளைச் சுருட்டி மூலையில் எறிந்தான். "முப்பது வருஷமா ஸ்பானர் பிடிக்கிறேன். எனக்கு இந்தத் தாள் வேணுமா?" டோரீன் தன் தாளைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் நட்டு போல்ட்டை வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். இடதுபக்கப் பெடலை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருக வேண்டும் என்று போட்டிருந்ததை இரண்டு தடவை உரக்கப் படித்தாள். ரஸ் காதில் வாங்கவே இல்லை.

அவன்தான் முதலில் முடித்தான். இடுப்பில் கைவைத்து நின்றான். நான் தெருவைக் கடந்து பார்க்கப் போனேன். டோரீன் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ரஸ், ஒன் சைக்கிள் ஏன் நாயைக் கண்டு பின்வாங்குற மாதிரியே நிக்குது?"

"இந்த மாடலே அப்படித்தான்."

"ரெண்டும் ஒரே மாடல்யா!"

ஏறி மிதித்தான். வளைவில் திருப்பியதும் கால்விரல் முன்சக்கரத்தில் இடித்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பின்முன்னாகத் திருப்பி மாட்டியிருந்தான். இறங்கும்போது இடதுபெடல் தனியாகக் கழன்று தரையில் விழுந்து உருண்டது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ரஸ் பெடலைப் பொறுக்கிக்கொண்டு, "அந்தத் தாள் எங்க?" என்றான், யாரிடமோ கேட்பதுபோல.

டோரீன் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எலுமிச்சை ஜூஸை உறிஞ்சிக்கொண்டே, பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில் வாசித்தாள். ரஸ் முதலிலிருந்து மாட்டினான்.

மறுநாள் ஞாயிறு, டிப்போ காலியாக இருந்தது. மூவரும் போனோம். முதலில் பெடல் இல்லாமல், சீட்டை இறக்கி, காலால் உந்திப் பழகலாம் என்றேன்.

"கழட்டவா? இப்பத்தானேடி மாட்டுனேன்!" என்று கத்தினாள் டோரீன். கழற்றினாள்.

காலால் தள்ளித் தள்ளி டிப்போ மைதானத்தைச் சுற்றினாள். கால் தரையில் படாமல் கொஞ்ச தூரம் உருளத் தொடங்கியதும், மறுபடி பெடலை மாட்டினோம். ரஸ் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஆலை பூட்ஸோடு தபதபவென்று பின்னால் ஓடினான்.

"விட்டுறாத ரஸ்! விட்டேன்னா, ராத்திரிக்கு சோறு கிடையாது!"

"சமைக்கிறதே நான்தானேடி!" என்று இரைத்தவன், மூச்சுவாங்கி நின்றுவிட்டான். அவள் கவனிக்கவில்லை. திட்டிக்கொண்டே பஸ் வரிசையைச் சுற்றி வந்தாள். வளைவில் திரும்பினால் எதிரே ரஸ், முழங்காலைப் பிடித்துக் குனிந்து நிற்கிறான்.

"நீ அங்க நிக்கிறேன்னா, என்னைப் பிடிச்சிருக்கிறது யாரு?"

"யாருமில்ல!"

அவள் போட்ட கூச்சலில் கூரைமேல் இருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. சந்தோஷத்தில் பிரேக் இருப்பதே மறந்துபோய், பனிக்காலத்தில் சாலை வழுக்காமல் தூவுவதற்குக் குவித்து வைத்திருந்த மணல்மேட்டில் நேராகப் போய்ச் செருகினாள். ஓடிப்போய்த் தூக்கினோம். வாயெல்லாம் மணல். துப்பிவிட்டு, "பார்த்தீங்கல்ல? ரெண்டு பேரும் பார்த்தீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரஸ் அவள் தலைமுடியிலிருந்து மணலைத் தட்டிவிட்டான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் டிப்போவில் அது தொற்றிக்கொண்டது. டிரைவர்கள் ஆளுக்கொரு பெட்டியை வாங்கிக்கொண்டு டோரீன் கராஜுக்கு வந்தார்கள். அவள் வாசிப்பாள், நாங்கள் மாட்டுவோம். யாராவது தாளைச் சுருட்டப் போனால் ரஸ்ஸே தடுத்து, "வேணாம்பா, நான் பட்டது போதும்" என்பான்.

பள்ளி விடுமுறை விட்ட முதல் சனிக்கிழமை, வரிசையாக ஐஸ்கிரீம் கடைக்குக் கிளம்பினோம். முன்னால் டோரீன். வழியில் ரயில் பாதை. ரயிலும் இல்லை, சத்தமும் இல்லை. பள்ளி பஸ் அங்கே நின்று, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்பது சட்டம். டோரீன் தன்னையறியாமல் காலை ஊன்றி நின்றாள். பின்னால் வந்த நாங்கள் அத்தனை பேரும் நின்றோம். எல்லோருமே இரண்டு பக்கமும் பார்த்தோம்.

பின்னால் வந்த லாரிக்காரன் தலையை நீட்டி, "அம்மா, என்ன வேண்டுதலா?" என்றான்.

"பழக்க தோஷம்ப்பா!" என்றாள் டோரீன். மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மிதித்தாள்.